எங்க வீட்டுல தூண் இல்ல டீச்சர்

பிரகலாதன் கதையை நான் நன்றாகச் சொல்வேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. "எங்கேடா உன் ஹரி? இந்தத் தூணில் இருக்கானா?" என்று இரணியன் கேட்கும் இடத்தில் குரலை இறக்கி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, கரும்பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். சின்னதுகள் எல்லாம் தூக்கிவாரிப்போட்டு ஒன்றின் மேல் ஒன்று சாயும். அதைப் பார்க்கவே எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். கோவிலுக்கு முன்னால் இருக்கிற சிமெண்டுக் களம், ஒரே ஒரு டியூப் லைட், பதினேழு பிள்ளைகள். நரசிம்மர் வாசப்படியில் உட்கார்ந்து, இரணியனை மடியில் கிடத்தி, நகத்தால் வயிற்றைக் கிழித்துக் குடலை மாலையாகப் போட்டுக்கொண்டதும் கை தட்டினார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தட்டவில்லை. அவனைக் குமார் என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் அதில்லை. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு கிட்டே வந்தான்.

"எங்க வீட்டுல தூண் இல்ல டீச்சர்."

அவர்களுடையது தொகுப்பு வீடு. நாலு சுவர், மேலே தளம், அவ்வளவுதான். அம்மா இல்லை. அவன் அப்பாவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவார், வரும்போதே சரக்கோடுதான் வருவார். அப்புறம் அடி. தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அவன் அப்படிச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், தன் வீட்டுக்குச் சாமி வர வழியில்லையே என்று கவலைப்படுகிறான்.

"தூண் இல்லாட்டி என்ன சாமி? தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். உங்க வீட்டுல ஒரே ஒரு துரும்பு கிடந்தா போதும், வந்துடுவாரு" என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை.

ரெண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் ஆயா, அதாவது பாட்டி, என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

"என்னா சொல்லிக் குடுத்தீங்க டீச்சரம்மா? தொடப்பத்தைக் கொண்டுபோய் ஏரிக்கரையில எறிஞ்சுட்டான். வீட்டுல ஒரு குச்சி விடல. முறம், கூடை எல்லாத்தையும் வெளியில போட்டுட்டான். கேட்டா, சனிக்கிழமை அப்பா வராரு, சாமி வந்து அப்பா வயித்தைக் கிழிச்சுடும்ங்கறான்."

தூண் இல்லை என்று அவன் சொன்னது கவலையில் இல்லை. நிம்மதியில். எங்க அப்பா தப்பிச்சாரு, அப்படித்தானே டீச்சர் என்று உறுதி செய்துகொள்ள வந்திருக்கிறான். நான் துரும்பை எடுத்து அவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். பெயர் வேண்டாம். நான் பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்து, கல்யாணம், குழந்தை என்று காத்திருப்பதையே மறந்துபோனவள். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த பிறகு, 2021 கடைசியில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயந்தரம் ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய். எழுத்து மறந்துபோன பிள்ளைகளுக்கு எழுத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. பாட்டு, விளையாட்டு, கதை எல்லாம் வைத்துச் சொல்லித்தரச் சொன்னார்கள். கதை என் கைக்கு வாகாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கணக்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயந்தரமானால் பிள்ளைகள் களத்துக்கு வந்துவிடுகிறார்கள், நானும் போய்விடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் கஷ்டத்துக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. மழை ஏமாற்றினால் அப்பா அம்மா ரெண்டு பேரும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். பிள்ளை ஆயாவிடம். ஆயாவுக்கு ரேஷன் வாங்கவும் மாட்டைப் பிடித்துக் கட்டவுமே பொழுது சரியாக இருக்கும். பையன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சை உடைத்தால் "அடங்காதவன்", பெண் பிள்ளை பேசாமலே இருந்தால் "நல்ல பொண்ணு". ரெண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை.

ஒருமுறை 'நேர்மறை எண்ணம்' பற்றி ஒரு நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். யார் நடத்தியது, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பல் தெரியச் சிரித்து, "நான் அழகு, நான் திறமைசாலி, என்னால் முடியும்" என்று பிள்ளைகளை மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். எளிதாக இருந்தது. மறுநாளே ஒரு கண்ணாடியைக் களத்தில் கொண்டுவந்து மாட்டினேன்.

எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பரவாயில்லை. ஆனால் சின்ன வயதில் போர்வெல் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறிக் கோடு கோடாக நிற்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. என் களத்தில் அப்படி நாலைந்து பேர். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். அவர்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பல் தெரியச் சிரி, நான் அழகு என்று சொல் என்றேன். ஒரு பெண் சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போனவள் அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். "நான் அன்பு செலுத்தத் தகுந்தவன்" என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு முன்பைவிட மோசமாகப் போனது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருப்பது "பொய், பொய்" என்று கத்துமாம். சாப்பிட்டவனுக்குத்தான் விருந்து பிடிக்கும், பசித்தவனுக்கு வயிறு எரியும் என்கிற கணக்கு. இது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

சரி, குமாருக்கு வருவோம். ஆயா போனதும் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் மாமியாரின் அலமாரியில் அட்டை கிழிந்த பாகவத வசனப் புத்தகம் ஒன்று உண்டு. புரட்டாசியில் பொட்டு வைப்பதோடு சரி, யாரும் பிரிப்பதில்லை. அதை எடுத்துப் பிரகலாதன் கதை வருகிற ஏழாம் ஸ்கந்தத்தைப் படித்தேன். இத்தனை வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது பாதிக் கதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரணியன் செத்ததும் கதை முடியவில்லை. நரசிம்மருக்குக் கோபம் அடங்கவே இல்லை. தேவர்கள் எல்லாம் தூரத்தில் நின்று துதி பாடுகிறார்கள், கிட்டே போக ஒருவருக்கும் தைரியம் இல்லை. லட்சுமியே தயங்கி நிற்கிறாள். கடைசியில் பிரம்மா அந்தச் சின்னப் பையனைத்தான் "நீ போப்பா" என்று அனுப்புகிறார். அவன் பயமில்லாமல் போய்க் காலில் விழுகிறான். அவர் அவன் தலையில் கை வைக்கிறார். என்ன வரம் வேண்டும் என்கிறார். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றவன், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்கிறான்: என் அப்பாவின் பாவத்தை மன்னிக்க வேண்டும். உன் அப்பா மட்டுமில்லை, அவரோடு சேர்த்து 21 தலைமுறையும் சுத்தமாகிவிட்டது என்கிறார் நரசிம்மர்.

விஷம் கொடுத்த அப்பா, யானையை விட்டு மிதிக்கச் சொன்ன அப்பா, அவருக்காகத்தான் பிள்ளை வரம் கேட்கிறான். இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? குடல் மாலையோடு நிறுத்திவிட்டால் நீதி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது, கெட்டவன் அழிவான், நல்லவன் வாழ்வான் என்று. அடிக்கிற அப்பாவைத்தான் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கவும் செய்யும் என்பது அந்த நீதிக்குள் அடங்காது. அதனால் வெட்டிவிட்டோம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எந்த இடம் வேண்டுமோ அந்த இடத்தைப் பார்த்து வெட்டிவிட்டு மீதியை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த நாள் குமாரை ஆயாவே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. மீதிக் கதையைச் சொன்னேன். குரலை ஏற்றி இறக்காமல், பலகையைத் தட்டாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"அப்பவும் செத்துத்தான போயிட்டாரு?"

என்னிடம் பதில் இல்லை. மோட்சம், சாப விமோசனம் என்று ஏதேதோ வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "நீ சொல்லு, என்ன நடந்திருக்கணும்?" என்றேன். வேறு வழி தெரியாமல்தான் கேட்டேன். திட்டம் ஒன்றும் இல்லை.

ரொம்ப நேரம் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான். நரசிம்மர் வயிற்றைக் கிழிச்சாரு. உள்ள பாட்டிலு இருந்துச்சு. அதை எடுத்து வெளியில வீசிட்டாரு. அப்புறம் ஊசி நூல் வச்சுத் தைச்சுட்டாரு.

"எந்த ஊர்ல தைச்சாங்க? தர்மபுரி ஜி.ஹெச்.லயா?" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"இல்ல, அவரே. நகத்தாலயே."

"வலிக்காதா?"

"வலிக்கும். இரணியன் அழுதாரு. பிரகலாதன் கால பிடிச்சுக்கிட்டான்."

எத்தனை தையல் என்று ஒருவன் கேட்டான். 21 என்றான் குமார். அந்த எண்ணை அவன் விடவில்லை.

புராணத்தை இப்படி மாற்றலாமா என்று எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். மாமியாரிடம் சொன்னேன். "கூத்துல கட்டியக்காரன் பண்ணாததையா இவன் பண்ணிட்டான்?" என்றார். கட்டியக்காரன் என்றால் கூத்தின் கோமாளி, கதையை இஷ்டத்துக்கு வளைப்பான். மாமியார் சொன்னதும் சரிதான். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். கடைசியில் துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்க வைத்துப் படுகளம் போடுவார்கள். முந்தின ராத்திரி வரை துரியோதனன் வேஷத்தை விசிலடித்துப் பார்த்த அதே ஜனம், தொடையைப் பீமன் அடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கெட்டவன் சாவதற்கும் அழலாம் என்று எங்கள் ஊர்க் களத்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதிலிருந்து ஒன்றை நிறுத்திவிட்டேன். "இந்தக் கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்ற கேள்வி. அதைக் கேட்டதும் பதினேழு பேரும் ஒரே குரலில் "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்பார்கள். கதை எதுவானாலும் அதே பதில்தான். இப்போது "அப்போ அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்கிறேன். பதில் வராவிட்டால் விட்டுவிடுகிறேன்.

துருவன் கதையும் அப்படித்தான் திறந்தது. அஞ்சு வயசுப் பையன், அப்பா மடியில் ஏறப் போகிறான், சிற்றன்னை சுருசி இழுத்து விடுகிறாள். காட்டுக்குப் போய்த் தவம் செய்து நட்சத்திரமாகிறான். இவ்வளவுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது. சித்தியோடு இருக்கிற பெண் ஒருத்தி என்னிடம் உண்டு. துருவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கு அவளிடமிருந்து நட்சத்திரம், தவம் எதுவும் வரவில்லை. "சுருசி கிணத்துல விழணும்" என்றாள். முன்பாக இருந்தால், அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா என்று ஆரம்பித்திருப்பேன். அன்றைக்கு, "எந்தக் கிணறு?" என்று மட்டும் கேட்டேன். படிக்கட்டு உள்ளதா, இல்லாததா என்றெல்லாம் யோசித்துவிட்டு, தண்ணி இல்லாத கிணறு என்று முடிவு செய்தாள். அடுத்த வாரம் கயிறு விட்டுத் தூக்கினாள். தூக்கியதும் சுருசி இவள்தான் தூக்கினாள் என்று தெரிந்து வெட்கப்பட்டாளாம்.

அந்தக் கதையிலும் வெட்டப்பட்ட துண்டு ஒன்று உண்டு. விஷ்ணுவை நேரில் பார்த்துத் திரும்பி வந்து ராஜாவான பிறகு, துருவனின் தம்பி உத்தமனை வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு யட்சன் கொன்றுவிடுகிறான். துருவனுக்கு வருகிற கோபத்தில் யட்சர்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்கிறான், குற்றம் செய்தவன் செய்யாதவன் பார்க்காமல். கடைசியில் அவன் தாத்தா மனு வந்து, போதும்டா என்று நிறுத்துகிறார். அவனும் நிறுத்துகிறான்.

பள்ளிக்கூடத்தில் ரெண்டு முறை சஸ்பெண்ட் ஆன எட்டாம் வகுப்புப் பையன் இதைக் கேட்டுவிட்டு, "சாமியப் பாத்த அப்புறமும் கோவம் வருமா?" என்றான்.

"வந்திருக்கே."

"அப்பவும் அவரு நட்சத்திரம்தானா? எடுத்துடலயா?"

"எடுக்கல."

வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாந்து எந்தப் பக்கம் வடக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தான். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.

எல்லாம் நம்ம சாமிக் கதையாகவே இருந்தால் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். களத்தில் ஒரு முஸ்லிம் பையனும் இருக்கிறான். நானி, அதாவது பாட்டி, சொன்ன கதை என்று யூனுஸ் நபியைக் கொண்டுவந்தவன் அவன்தான். ஜனங்கள் மேல் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனவரை மீன் விழுங்குகிறது. இருட்டில் உட்கார்ந்து அழுகிறார், இறைவன் கேட்கிறான், மீன் கரையில் துப்புகிறது. உடம்பெல்லாம் துவண்டு கிடப்பவருக்கு நிழலுக்காகச் சுரைக்கொடி முளைக்கிறது. பிள்ளைகளுக்கு மீனைவிடச் சுரைக்கொடிதான் பிடித்தது, ஏனென்றால் அது எல்லார் வீட்டுக் கூரையிலும் கிடக்கிறது. சர்ச்சுக்குப் போகிற பெண், "இது யோனா கதை, எங்களோடது" என்று சண்டைக்கு வந்தாள். ரெண்டு பேரும் அரைமணி நேரம் மீனைப் பங்கு போட்டார்கள். நல்ல சண்டை. நான் தலையிடவில்லை.

வாயே திறக்காத ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செத்த வீரனுக்காக நட்ட நடுகல் இருக்கும். பல இடங்களில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன், எல்லாரும் ஒரு காலத்தில் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. இப்போது சாமி. ஒருநாள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, செங்கம் பக்கம் எடுத்தனூரில் உள்ள கல்லைப் பற்றிச் சொன்னேன். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், ரெண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

"அதுக்கு யாரு டீச்சர் பேரு வச்சது?"

யார் குரல் என்றே எனக்கு முதலில் தெரியவில்லை. அதுவரை அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நீயே சொல்லேன் என்றேன். அவள் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து களத்தில் சுற்றுகிற செவலை நாய்க்கு மெதுவாக "கோவி, கோவி" என்று பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கதை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது நினைத்தால் என் தலையில்தான் விடியும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சீதைக்குக் கல்யாணம் ஆகும்போது எத்தனை வயசு டீச்சர்?" என்று தற்செயலாகக் கேட்கிற மாதிரி கேட்டாள். எங்கள் பக்கத்தில் அது தற்செயலான கேள்வி இல்லை. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், ஆவணியில் தேதி குறித்திருந்தார்கள், மாமன் மகன். அன்றைக்கு எந்தக் கதையும் சொல்லவில்லை, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டேன். கல்யாணம் நின்றது. அவள் வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தையும் நின்றது. இன்றுவரை கடைவீதியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பட்டும்.

குமாரின் அப்பாவோடு பேசவில்லையா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், தெளிவாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். தலையைக் குனிந்துகொண்டு "இனிமே இல்லைங்க" என்றார். அதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாய். இன்னொரு தடவை பையன் உடம்பில் காயம் பார்த்தால் அதே 1098-க்குப் போன் பண்ணுவேன் என்றேன், மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி. உண்மையைச் சொன்னால் கதையைவிட அது நன்றாக வேலை செய்தது. குடி நிற்கவில்லை, கை கொஞ்சம் நின்றிருக்கிறது.

போன வாரம் ஆயாவை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். தொடப்பம் என்ன ஆச்சு என்று விசாரித்தேன்.

"புதுசு வாங்கியாந்து ரொம்ப நாளாச்சு டீச்சரம்மா. உள்ளதான் கிடக்குது, அவனேதான் கூட்டறான்" என்றது. பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "சனிக்கிழமை பொழுது சாஞ்சா மட்டும் வெளியில கொண்டுபோய் வச்சுட்டு வரான்" என்றது.